தேக்கடி போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். பிழைப்பு குரோம்பேட்டையில். லீவு விட்டால் போதும், எங்கள் அடுக்ககத்தில் யாராவது ஒருவர் லிஃப்டில் மடக்கி, "தேக்கடி போறோம் சார், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார். ஒரே பதிலை எத்தனை முறை சொல்வது? கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதிலையும் எழுதிவிட்டேன். கட்டணம் எதையும் எழுதவில்லை, அடிக்கடி மாறுகிறது. கிளம்பும் முன் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம், பெரியாறு புலிகள் காப்பகம் இரண்டின் இணையதளத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேக்கடி, குமுளி, பெரியாறு, முல்லைப்பெரியாறு... எல்லாம் ஒரே இடமா, வேற வேறயா?

குமுளி என்பது ஊர். தமிழ்நாட்டு எல்லை முடிகிற இடத்தில், செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. லாட்ஜ், கடை, சாப்பாடு எல்லாம் இங்கேதான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், காட்டுக்குள் படகுத்துறை இருக்கும் பகுதி தேக்கடி. அதைச் சுற்றியுள்ள காடு பெரியாறு புலிகள் காப்பகம், 925 சதுர கிலோமீட்டர். முல்லைப்பெரியாறு என்பது அந்த ஏரியைத் தேக்கி வைத்திருக்கும் அணை. அது படகுத்துறைக்குப் பக்கத்தில் இல்லை. இதைப் பற்றிப் பின்னால் தனிக் கேள்வியே வருகிறது.

அது இயற்கையான ஏரிதானே?

இல்லை. 1895-க்கு முன்னால் அங்கே ஏரியே கிடையாது. ஆறும் பள்ளத்தாக்கும் காடும்தான் இருந்தன. பெரியாறும் முல்லையாறும் சேரும் இடத்துக்குக் கீழே அணை கட்டியதும் தண்ணீர் பின்னால் தேங்கி, மலை இடுக்குகளில் எல்லாம் ஏறி நின்றது. அதனால்தான் ஏரி வட்டமாக இல்லாமல், விரல்களை விரித்துவைத்த கை மாதிரி கிளைகிளையாகப் போகும். படகில் ஒரு வளைவு திரும்பினால் இன்னொரு வளைவு வரும்.

நான் இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தேக்கடியில் நீங்கள் பார்க்கப் போவது எல்லாமே அன்றைக்கு அணையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு செம்பரம்பாக்கம் எத்தனை அடி என்று மழைக்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் அல்லவா? தேக்கடிக்கு டிக்கெட் போடும் முன்னும் அப்படியே முல்லைப்பெரியாறு நீர்மட்டத்தைப் பாருங்கள். மதுரைப் பதிப்பு நாளிதழ்களில் தினமும் வரும்.

சென்னையில இருந்து எப்படிப் போறது? ட்ரெயின் இருக்கா?

குமுளி வரை ரயில் கிடையாது. சென்னை சென்ட்ரலில் இருந்து போடிநாயக்கனூருக்கு வாரத்தில் மூன்று நாள் இரவு ரயில் இருக்கிறது, 2023-இல் விட்டார்கள். காலையில் தேனியில் இறங்கினால் குமுளி இன்னும் 60 கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் குறைச்சல் இல்லை. அந்த மூன்று நாளும் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் மதுரை வரை ஏதாவது ஒரு ரயிலில் போய், ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் குமுளி பஸ் பிடியுங்கள். மாட்டுத்தாவணிக்குப் போய் நிற்காதீர்கள். வெளியூர்க்காரர்கள் தவறாமல் செய்யும் தப்பு அது.

கிளாம்பாக்கத்தில் இருந்து நேராகவே பஸ் இருக்கிறது. ஏறத்தாழ 560 கிலோமீட்டர், ஓர் இரவுப் பயணம். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் லோயர்கேம்ப் தாண்டியதும் விழித்துக்கொள்ளுங்கள். மலைப்பாதை ஏறும்போது மேலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் சரிவில் இறங்கி வருவது தெரியும். தேக்கடி ஏரியின் தண்ணீர் அந்தக் குழாய்களில்தான் கீழே மின்நிலையத்துக்குப் போகிறது. குமுளிக்கு வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஜீப்பில் பன்னிரண்டு பேர் அடைந்துகொண்டு, தூக்குவாளியோடு உங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போவார்கள். ஏலக்காய்த் தோட்ட வேலை சீக்கிரமே ஆரம்பித்துவிடும்.

சனி, ஞாயிறு ரெண்டு நாள்தான் லீவு. போதுமா?

படகும் காட்டு நடையும் மட்டும் என்றால் போதும். வெள்ளி இரவு கிளம்பி, ஞாயிறு இரவு அங்கே பஸ் ஏறினால் திங்கள் காலை கிளாம்பாக்கம். கூடவே மூணாறும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மலைப்பாதையில் இன்னும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இரண்டு நாளும் வண்டிக்குள்ளேயே போய்விடும்.

சொந்தக் கார்ல வர்றோம். இ-பாஸ் எடுக்கணுமா?

வேண்டாம். 2024 மே மாதத்தில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த இ-பாஸ் தேக்கடிக்குக் கிடையாது. வெள்ளைப் பலகை சொந்த வண்டிக்கு எல்லையில் வரி எதுவும் இல்லை. வாடகை வண்டி என்றால் கேரள பெர்மிட்டை ஓட்டுநர் முன்னாலேயே ஆன்லைனில் எடுத்திருக்க வேண்டும்; கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு ஓட்டுநர் போனில் ஓடிபிக்குக் காத்திருக்கும் காட்சியை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

படகுத்துறை வரை காரில் போக முடியாது. ஆனவாச்சால் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து காப்பகத்தின் பேருந்தில் போக வேண்டும். இந்தப் பேருந்துக்கும் வரிசை உண்டு. படகு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது ஆனவாச்சாலில் இருங்கள்.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

என்ன பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. பச்சையும் குளிரும் நிறைந்த ஏரியும் வேண்டும் என்றால் டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை. விலங்கு பார்க்க வேண்டும் என்றால் மார்ச், ஏப்ரல், மே.

காரணம் நீர்மட்டம்தான். அணை நிறைந்திருக்கும்போது தண்ணீர் காட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். யானை மரத்துக்குப் பின்னால் நின்று குடித்துவிட்டுப் போய்விடும், உங்களுக்குத் தெரியாது. கோடையில் மட்டம் இறங்க இறங்கக் காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு பட்டை வெளியே வரும். முதலில் செம்மண், அப்புறம் அதிலே புல் முளைக்கும். அந்தப் புல்லுக்கு மிளாவும் (கடமான்) காட்டெருமையும் வரும், வெளியில் இறங்கினால்தான் யானைக்குத் தண்ணீர். மறைவே கிடையாது. சென்னைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து மே மாதத்தை விட்டுவிட்டு, மழையில் ஜூலையில் போய், "ஒண்ணுமே தெரியல சார்" என்று திரும்பி வருகிறார்கள். குமுளி 900 மீட்டருக்குப் பக்கம் உயரத்தில் இருக்கிறது. மே வெயில் கூட நமக்கு ஒரு பொருட்டில்லை.

படகு டிக்கெட் நேரா போனா கிடைக்குமா?

வார நாளில் கிடைக்கலாம். சனி, ஞாயிறு, பொங்கல், ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் நம்ப வேண்டாம். ஆன்லைனில் முன்பதிவு செய்யுங்கள், எல்லோருக்கும் அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: காப்பகத்துக்குள் நுழையும் கட்டணம் வேறு, படகு டிக்கெட் வேறு. "படகு டிக்கெட்தான் இருக்கே" என்று கேட்டில் வாதாடிப் பயனில்லை.

பல வருடமாக இருக்கும் படகு நேரங்கள் 7.30, 9.30, 11.15, 1.45, 3.30. ஒரு சுற்று ஒன்றரை மணி நேரம்.

எந்த நேரப் படகு நல்லது? புலி தெரியுமா?

காலை ஏழரை. அடுத்ததாக மாலை மூன்றரை. நடுவில் இருக்கும் மூன்றும் கண்ணாடி மாதிரி மின்னும் தண்ணீரையும் மலையையும் பார்க்கத்தான்.

புலிக்கு ஆசைப்படாதீர்கள். அந்த ஏரியைச் சிறு வயதில் இருந்து பார்க்கிறேன், படகில் இருந்து ஒரு முறை கூடப் பார்த்ததில்லை. யானைக் கூட்டம், காட்டெருமை, மிளா, காட்டுப்பன்றி இவையெல்லாம் வாய்ப்புள்ளவை. நீர்நாய்கள் கூட்டமாகத் தலையைத் தூக்கித் தூக்கி நீந்துவதைப் பார்த்துவிட்டால் அதிர்ஷ்டம். படகில் சத்தம் போட்டால் இவையும் போய்விடும். முன் வரிசையில் ஒரு மாமா எப்போதும் "அதோ! அதோ!" என்று கத்துவார். அவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

தண்ணிக்குள்ள கரிக்கட்டை மாதிரி நிக்குதே, அது என்ன?

மரங்கள். 1895-இல் தண்ணீர் ஏறியபோது முழுகிப்போன காட்டின் மிச்சம். நூற்று முப்பது வருடமாக அப்படியே நிற்கின்றன. பட்டை போய்விட்டது, கிளை போய்விட்டது, வைரம் பாய்ந்த நடுத்தண்டு மட்டும் மிச்சம். படகு பக்கத்தில் போகும்போது உற்றுப் பாருங்கள்: தண்ணீரை ஒட்டிய இடத்தில் கறுப்பு, அதற்கு மேலே சாம்பல், நடுநடுவே வளையம் வளையமாகக் கோடு. ஒவ்வொரு வருடமும் தண்ணீர் நின்ற உயரத்தின் தடம் அது. உச்சியில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும், சில மரங்களில் கூடும் உண்டு.

மட்டம் 140 அடி இருந்தால் இவற்றில் பாதி கண்ணில் படாது. 115-க்கு இறங்கினால் ஒரு மொட்டைக் காடே வெளியே வந்து நிற்கும்.

2009-ல படகு கவிழ்ந்துச்சே. இப்ப பாதுகாப்பா?

2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். விலங்கைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தது, படகின் கட்டமைப்பு என்று பல காரணங்கள் பேசப்பட்டன. அதற்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகு கிளம்புவதில்லை, எழுந்து நடமாடவும் விடுவதில்லை.

ஜாக்கெட்டின் எல்லா வாரையும் போட்டு இறுக்குங்கள். வெக்கையாக இருக்கிறது என்று பாதி வழியில் அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்பவர்களை இன்னும் பார்க்கிறேன். குழந்தைக்குச் சின்ன அளவு கேட்டு வாங்குங்கள்.

அப்பாவுக்கு முட்டி வலி. படகுத்துறை வரைக்கும் நடக்க முடியுமா?

பேருந்து இறக்கிவிடும் இடத்தில் இருந்து கொஞ்சம் நடை, அப்புறம் இறக்கம். ஏரி நிறைந்திருந்தால் இறங்குவது கொஞ்சம்தான். கோடையில் தண்ணீர் கீழே போயிருந்தால் அதற்கேற்ப இறங்கி, திரும்ப ஏற வேண்டும். முன்னே சொன்ன கணக்கு இங்கே தலைகீழ்: விலங்கு பார்க்க ஏற்ற மாதம் முட்டிக்கு ஏற்ற மாதம் இல்லை. பெரியவர்களோடு போவதானால் ஜனவரி நல்லது.

படகுத்துறையில் குரங்கு உண்டு. பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள்.

படகு வேண்டாம். காட்டுக்குள்ள நடந்து போக முடியுமா?

முடியும். என்னைக் கேட்டால் அதுதான் தேக்கடி. காப்பகமே நடத்தும் காட்டு நடைகள் இருக்கின்றன, வனத்துறை வழிகாட்டி கூட வருவார். அரை நாளும் உண்டு, முழு நாளும் உண்டு. முழு நாளில் மூங்கில் தெப்பம் நன்றாக இருக்கும்: கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் மூங்கிலைக் கட்டிய தெப்பத்தில் துடுப்புப் போட்டுப் பயணம். மோட்டார் சத்தம் இல்லை. ஆட்களும் குறைவு, அதனால் முன்பதிவு சீக்கிரம் முடிந்துவிடும்.

கூட வரும் வழிகாட்டிகளில் சிலர் ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை (காட்டு இலவங்கப் பட்டை) உரித்தவர்கள். வழக்குகளைச் சந்தித்துச் சலித்து, வனத்துறையோடு கைகோத்து, இப்போது காவலுக்கும் வழிகாட்டவும் வருகிறார்கள். மன்னான், பளியர் பழங்குடிகளும் இந்த வேலையில் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் நன்றாக வரும். பேச்சுக் கொடுங்கள். மண்ணில் ஒரு கீறலைக் காட்டி, இது கரடி, நேற்று ராத்திரி, கரையானுக்குத் தோண்டியிருக்கிறது என்பார்கள்.

அட்டை கடிக்குமாமே?

மழை மாதங்களில் கடிக்கும். வலிக்காது, ரத்தம்தான் கொஞ்ச நேரம் நிற்காது. முழங்கால் வரை வரும் அட்டை சாக்ஸ் கொடுப்பார்கள், அதன்மேல் மூக்குப்பொடி தூவிவிடுவார்கள். தும்மல் வந்தால் அட்டைக்கு அல்ல, உங்களுக்குத்தான்.

முல்லைப்பெரியாறு அணையைப் பார்க்கலாமா? படகு அங்க போகுமா?

போகாது. என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகமாக ஏமாற்றம் தரும் பதிலும் இதுதான். அணை படகுத்துறையில் இருந்து தண்ணீர் வழியே ஏறக்குறைய 14 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. சுற்றுலாப் படகு அதன் பக்கத்தில் கூடப் போவதில்லை. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் தங்கள் துறைப் படகில் போய்வருகிறார்கள். "ஜீப்பில் கூட்டிப்போய் அணையைக் காட்டுகிறேன்" என்று குமுளியில் யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக லோயர்கேம்ப்பில் இறங்குங்கள். அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் இருக்கிறது, 2013-இல் திறந்தது.

யூட்யூப்ல ரெண்டு மலைக்கு நடுவுல வளைஞ்சு நிக்குதே, அது எந்த அணை?

அது இடுக்கி. அதே பெரியாற்றில் கீழே கட்டிய வளைவு அணை, உயரம் சுமார் 169 மீட்டர். குமுளியில் இருந்து 60 கிலோமீட்டருக்குப் பக்கம். ஓணம், கிறிஸ்துமஸ் போன்ற சமயங்களில் பார்வையாளர்களை விடுவார்கள்.

பென்னிகுவிக் சொந்த சொத்தை வித்து அணை கட்டினாராமே, உண்மையா?

எங்கள் ஊரில் இதை மறுத்துப் பேசினால் டீ கிடைக்காது. ஆனாலும் சொல்கிறேன்: அணை சென்னை மாகாண அரசின் திட்டம், அரசுப் பணத்தில் கட்டியது. சொத்தை விற்ற கதை வாய்வழியாக வளர்ந்தது, ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. கதை இல்லாமலே அவர் செய்தது பெரிய காரியம். 1887-இல் வேலை ஆரம்பம், காட்டாற்று வெள்ளம் கட்டியதை அடித்துக்கொண்டு போனது, மலேரியாவிலும் காலராவிலும் தொழிலாளர்கள் செத்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் (சுட்ட செங்கல் பொடி) கல்லும் கொண்டு 1895 அக்டோபரில் முடித்துத் திறந்தார்கள்.

மேற்கே ஓடிக் கடலில் கலக்க இருந்த ஆற்றைத் தடுத்து, மலையில் ஒரு மைலுக்குச் சற்றே கூடுதலாகச் சுரங்கம் குடைந்து, கிழக்கே திருப்பியதுதான் அதில் சூட்சுமம். ஜனவரி 15 அவர் பிறந்த நாள். பொங்கலோடு சேர்ந்து வருவதால் தேனி மாவட்டத்தில் அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் மாட்டியிருப்பது எங்களுக்குச் சாதாரணம்.

குமுளியில ஏலக்காய் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பளபளவென்று ஒரே பச்சையாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஈரத்துணியில் நாலு காயைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் என்றால் ஒட்டும். ஒரு காயைப் பிளந்தால் உள்ளே அரிசி கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். திரும்பும் வழியில் கம்பத்தில் பன்னீர் திராட்சையும் வாங்கிக்கொள்ளுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். (எங்கள் ஊர்ப் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

சபரிமலை சீசன்ல போகலாமா?

கார்த்திகை, மார்கழியில் குமுளி சாலை ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் நிறைந்திருக்கும். கூட்டம் அதிகமானால் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். லாட்ஜ் வாடகையும் ஏறும். தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போகணும். எப்ப திறந்திருக்கும்?

வருடத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமி. அன்றைக்குக் குமுளியில் இருந்து ஜீப் போகும். கூடலூர் பக்கத்தில் பளியன்குடியில் இருந்து நடந்தும் ஏறலாம். அதிகாலையிலேயே கிளம்ப வேண்டும், மதியத்துக்கு மேல் ஏற விடுவதில்லை. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோக முடியாது. அன்று தேக்கடிப் படகையும் சேர்த்துத் திட்டம் போடாதீர்கள், நடக்காது.

அணை உடைஞ்சிடும்னு சொல்றாங்களே. போறதுக்கே பயமா இருக்கு.

நீங்கள் படகு விடும் இடம் அணைக்கு மேல்புறம். பயம் பேசப்படுவது கீழே, வண்டிப்பெரியாறு தொடங்கி ஆற்றோரம் இருப்பவர்களுக்காக. 1979-இல் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். அதன் பிறகு மேலே கான்கிரீட் தொப்பி, கம்பி நங்கூரம், பின்புறம் கான்கிரீட் முட்டு என்று தமிழ்நாடு பலப்படுத்தியது. 2006-இலும், மீண்டும் 2014 மே 7 அன்றும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அந்த நவம்பரிலேயே 142 தொட்டது. கேரளம் புதிய அணை கேட்கிறது, தமிழ்நாடு இருப்பதே பலமாக இருக்கிறது என்கிறது. குமுளி டீக்கடையில் இதைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது. அங்கே கடை வைத்திருப்பவரில் பாதிப் பேர் தமிழர்கள், மீதிப் பேருக்கும் தமிழர்கள்தான் வாடிக்கை.

இடம் அவங்களுது, தண்ணி நம்மளுதா? எப்படி?

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசோடு போட்ட குத்தகை, 999 வருடத்துக்கு. அணையும் ஏரியும் கேரள மண்ணில் இருக்கின்றன, அணையை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. நீர் பரப்புக்கு ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகை என்று இருந்ததை 1970-இல் முப்பது ரூபாயாக்கி, மீன்பிடி உரிமையையும் கேரளத்துக்குக் கொடுத்தார்கள். படகும் சுற்றுலாவும் காடும் அவர்களுடையது. அதனால்தான் படகு டிக்கெட் பணம் கேரளத்துக்குப் போகிறது.

இன்னொரு விஷயம், ஏரியில் இருக்கும் தண்ணீர் முழுவதும் நமக்கு வராது. சுரங்கத்தின் வாய் உயரத்தில் இருப்பதால் 104 அடிக்கு மேல் இருப்பதைத்தான் எடுக்க முடியும். கோடையில் 115 அடி என்று செய்தி படித்தால், எங்கள் ஊர்க்காரர் மனதில் கழித்துப் பார்ப்பது பதினொரு அடி.

எங்க மாமியாருக்கு மேலூர். அந்தத் தண்ணிதான் எங்க வயலுக்கு வருதுன்னு சொல்றாங்க. நிஜமா?

நிஜம்தான். படகில் அவர் கையை நனைக்கும் தண்ணீர் சுரங்கம் வழியே மலையைத் தாண்டி, அந்த நான்கு குழாய்களில் இறங்கி, லோயர்கேம்ப்பில் மின்சாரம் எடுத்த பிறகு ஆற்றில் விழும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பித்தான். மிச்சம் வைகை அணைக்கு வந்து சேரும். அங்கிருந்து பேரணை, பேரணையில் இருந்து பெரியாறு பிரதானக் கால்வாய், அப்புறம் மேலூர்.

அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏழரைப் படகு, ஜனவரி மாதம், இடது பக்க ஜன்னல்.